மாமனார் செயலாளர், மனைவி துணைத்தலைவர்

உங்கள் கல்லூரியில் புதிதாக ஒரு விதி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எல்லா ஆசிரியர்களும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தேர்வு எழுதியாக வேண்டும். நல்ல விதிதானே? கைதட்டலாம். ஆனால் கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒன்று இருக்கிறது: "ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது." விதியைப் போட்ட கமிட்டியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், எல்லோருமே ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள்!

சிரிப்பு வருகிறதா? அமெரிக்காவில் கண் மருத்துவர்களுக்கு நிஜமாகவே இது நடந்தது. அதை எதிர்த்து ஒரு கண் அறுவை மருத்துவர் கிளம்பினார். அவர் செய்த காரியம் இதைவிடப் பெரிய கூத்து. மருத்துவர் சங்கங்களிலும் வாரியங்களிலும் நாற்காலி தேடுகிற எல்லோரையும் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு அந்தக் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க உரிமம் தருவது அந்தந்த மாநிலம். அது வேறு விஷயம். அதற்கு மேல், "இவர் இந்தத் துறையில் நிபுணர்" என்று சான்று தருவதற்குத் தனித்தனி வாரியங்கள் இருக்கின்றன. இவை அரசு அமைப்புகள் அல்ல. மருத்துவர்களே உருவாக்கி, மருத்துவர்களே நடத்துகிறவை. இவற்றில் முதலில் வந்தது கண் மருத்துவத்துக்கான அமெரிக்கன் போர்டு ஆஃப் ஆஃப்தால்மாலஜி. ஆண்டு 1916. மற்ற துறைகள் எல்லாம் இதைப் பார்த்துத்தான் தங்களுக்கென்று வாரியம் வைத்துக்கொண்டன. இந்தச் சான்று கட்டாயம் இல்லை. ஆனால் பல மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இதைப் பார்க்கின்றன. நோயாளியும் வாசலில் மாட்டியிருக்கும் சட்டத்தைப் பார்த்து நம்புகிறார்.

பல காலமாக இந்தச் சான்று ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். 1992-ல் வாரியம் அதை மாற்றியது. இனிச் சான்று பத்து ஆண்டுகளுக்கு மட்டும், அதன்பின் மறுபடி தகுதியை நிரூபிக்க வேண்டும். அதற்கு முன் வாங்கியவர்களுக்கு? ஆயுள் சான்று அப்படியே தொடரும். 1992-ல் வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எப்போது சான்று வாங்கியிருப்பார்கள்? இதற்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

1995-ல் இந்தத் தேர்வில் தேறியவர் ராண்ட் பால். ஆமாம், இப்போது கென்டக்கி மாநிலத்தின் செனட்டராக இருக்கிற அதே ராண்ட் பால்தான். டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, பௌலிங் கிரீன் என்ற ஊரில் கண் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ரான் பாலும் மருத்துவர், அவரும் அரசியல்வாதி. மகனுக்கு இந்த விதி பொறுக்கவில்லை. வயதில் மூத்தவருக்கு விலக்கு, இளையவருக்குத் தேர்வு, இது என்ன நியாயம் என்று கேட்டார்.

கேட்டது நியாயம்! இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மருத்துவம் மாறிக்கொண்டே இருக்கிறது, பழைய படிப்பு போதாது என்பதுதானே மறுதேர்வுக்குச் சொல்லப்படும் காரணம்? அப்படியென்றால் யாருக்கு அது அதிகம் தேவை? மூன்று வருஷம் முன்பு படிப்பு முடித்தவருக்கா, முப்பது வருஷம் முன்பு முடித்தவருக்கா? ஏறி வந்த ஏணியைச் செதுக்கி வழுக்குமரம் ஆக்கிவிட்டு, கீழே நிற்கிற பையனைப் பார்த்து "ஏறு தம்பி" என்கிறார்கள்.

வாரியத்தின் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. ஆயுளுக்கும் செல்லும் என்று எழுதிக் கொடுத்த ஒன்றை எப்படித் திரும்ப வாங்குவது, சட்டச் சிக்கல் வரும் என்பது அது. சரி, ஏற்றுக்கொள்வோம். கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் "வாரியத்தில் உட்கார வேண்டுமானால் நீயும் தேர்வு எழுதிவிட்டு வா" என்று தங்களுக்குத் தாங்களே ஒரு விதி போட்டுக்கொள்வதை எந்தச் சட்டம் தடுக்கப் போகிறது?

இதுவரை நான் ராண்ட் பால் கட்சி. இதற்கு மேல்தான் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

பழைய வாரியத்தை உள்ளிருந்து மாற்றுவதற்குப் பதிலாக அவர் சொந்தமாக ஒரு வாரியம் ஆரம்பித்தார். பெயர் நேஷனல் போர்டு ஆஃப் ஆஃப்தால்மாலஜி. சுமார் 200 இளம் கண் மருத்துவர்கள் சேர்ந்து எடுத்த முயற்சி என்று சொல்லப்பட்டது. கட்டணம் குறைவு. பத்தாண்டுக்கு ஒருமுறை தேர்வு, வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1999-ல் கென்டக்கியில் பதிவு செய்தார்கள். பதிவேட்டில் இருந்த நிர்வாகிகள் யார் தெரியுமா? தலைவர் ராண்ட் பால். துணைத்தலைவர் அவர் மனைவி. செயலாளர் அவர் மாமனார்.

மனைவி கண் மருத்துவர் இல்லை. "நேஷனல்" என்று பெயர், நிர்வாகிகள் பட்டியலோ ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது!

அதற்கப்புறம் நடந்தது இன்னும் அழகு. ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய காகிதங்களைக் கொடுக்காததால் 2000-ல் அந்த அமைப்பு பதிவை இழந்தது. 2005-ல் மறுபடி உயிர் கொடுத்தார். அதே ஆண்டில்தான் அவருடைய பழைய வாரியச் சான்று காலாவதி ஆனது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 2010-ல் அவர் செனட் தேர்தலில் நின்றபோது செய்தித்தாள்கள் இதைத் தோண்டின. 2011-ல் அமைப்பு மறுபடி கலைந்தது. மொத்தமாக 50, 60 பேருக்குச் சான்று கொடுத்திருப்போம் என்பது அவரே சொன்ன கணக்கு. அமெரிக்காவின் சிறப்பு மருத்துவ வாரியங்களுக்கெல்லாம் தாய் அமைப்பாக இருக்கிற ஏபிஎம்எஸ் இதைக் கடைசிவரை அங்கீகரிக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மாநில உரிமம் பற்றிப் பிரச்சினை எழவில்லை. அவர் கை சுத்தமில்லை, அறுவை சிகிச்சை சரியில்லை என்பதும் என் வாதம் இல்லை. 2014-ல் குவாத்தமாலாவிலும் 2015-ல் ஹெய்ட்டியிலும் ஏழைகளுக்கு இலவசமாகக் கண் அறுவை சிகிச்சை செய்துவிட்டு வந்தவர் அவர். நல்ல மருத்துவராகவே இருக்கட்டும். நல்ல மருத்துவர் தனக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

பி.காம் படிக்கிறவர்களுக்கு இதற்கு விடை சொல்லித்தர வேண்டியதில்லை. நம் கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 149 என்ன சொல்கிறது? பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பேர் சுயேச்சையான இயக்குநர்களாக இருக்க வேண்டும். நிறுவனத்தை நடத்துகிறவரின் சொந்தக்காரர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. பெயிண்ட் விற்கிற கம்பெனிக்கே இந்தக் கட்டுப்பாடு! கண்ணுக்குள் கத்தி வைக்கிறவரின் தகுதியைச் சொல்கிற வாரியத்துக்கு ஒரு குடும்பம் போதுமா?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா? ராண்ட் பால் எதிர்த்ததும் அவர் உருவாக்கியதும் அடிப்படையில் ஒன்றேதான். அங்கே மூத்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்களுக்கு விலக்கு கொடுத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சான்று அச்சடித்தது. இரண்டு இடத்திலும் மேசையில் இல்லாத ஆள் ஒருவர்தான்: ஆபரேஷன் டேபிளில் படுத்திருப்பவர்.

"உள்ளே இருந்து எதுவும் மாறாது, அதனால்தான் வெளியே வந்தார்" என்று சிலர் சொல்வார்கள். மாறும். பொதுமருத்துவ நிபுணர்களுக்கான அமெரிக்க வாரியத்தின் மீது இதே மாதிரி கோபம் 2014-ல் வெடித்தது. ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அங்கும் ஒரு போட்டி வாரியம் 2015 ஜனவரியில் முளைத்தது. ஆனால் அடுத்த மாதமே பழைய வாரியம் நாங்கள் தவறு செய்துவிட்டோம் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, பல நிபந்தனைகளை நிறுத்தி வைத்தது. கண் மருத்துவ வாரியமும் பின்னாளில் பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதும் பெரிய தேர்வைக் கைவிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை இணையத்தில் பதில் சொல்லும் கேள்விகளுக்கு மாறியது. ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டால் நடக்கிறது. மூன்று பேர் வீட்டுக் கூடத்தில் கூடினால் நடப்பதில்லை.

ஆனால் இந்த மாற்றங்களையும் உற்றுப் பாருங்கள். யார் குரல் கொடுத்தார்கள்? மருத்துவர்கள். யாருக்குச் சுமை குறைந்தது? மருத்துவர்களுக்கு. அதில் தவறில்லை. ஆனால் நோயாளி கேட்டுத்தான் மாறியது என்று எங்காவது படித்தீர்களா? ஏன் இல்லை என்பதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

அங்கே ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் 1858-ன் சட்டத்தால் வந்தது. மருத்துவர்களைப் பதிவு செய்வது, தவறினால் நீக்குவது அதன் வேலை. நூறு வருஷத்துக்கும் மேலாக அதில் மருத்துவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. பலர் சக மருத்துவர்களின் ஓட்டு வாங்கி வந்தவர்கள். அந்தக் காலத்தில், 1976-ல், ஹரால்ட் ஷிப்மேன் என்ற மருத்துவர் பெத்திடின் என்ற போதை தரும் மருந்துக்காகப் பொய்யான சீட்டு எழுதி நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். கவுன்சில் என்ன செய்தது? எச்சரித்து ஒரு கடிதம் அனுப்பியது. பெயரை நீக்கவில்லை. அவர் மறுபடி மருத்துவம் பார்க்கப் போனார். 2000-ல் 15 நோயாளிகளைக் கொன்ற குற்றத்துக்காக அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. விசாரணை ஆணையம் 2002-ல் சொன்ன எண்ணிக்கை 215.

இருநூற்றுப் பதினைந்து பேர்!

ஒரு கடிதத்தால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆணையத்தின் தலைவர் ஜேனட் ஸ்மித் 2004 டிசம்பரில் கொடுத்த ஐந்தாவது அறிக்கை, கவுன்சில் நோயாளிகளைவிட மருத்துவர்களின் நலனைப் பார்த்த அமைப்பாக இருந்தது என்பதைப் பட்டவர்த்தனமாகச் சொன்னது. ஓட்டுப் போடுகிறவர் யாரோ அவருக்குத்தானே ஓட்டு வாங்குகிறவர் விசுவாசமாக இருப்பார்? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். அதன்பின் அவர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். 2009-ல் மருத்துவர்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் முறையையே நிறுத்தினார்கள். 12 மருத்துவர்கள், 12 மருத்துவர் அல்லாதவர்கள் என்று நியமித்தார்கள். 2013-ல் அது ஆறுக்கு ஆறு ஆனது. 2012 டிசம்பரிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியை உறுதி செய்யும் முறையும் வந்தது. மூத்தவர், இளையவர் வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும்.

சரி, நம் கதைக்கு வருவோம். நமக்கு 1956-ன் சட்டத்தின் கீழ் இந்திய மருத்துவக் கவுன்சில் இருந்தது. 2010 ஏப்ரலில் அதன் தலைவரையே லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது. அடுத்த மாதம் அரசு அவசரச் சட்டம் போட்டுக் கவுன்சிலைக் கலைத்தது. நீண்ட இழுபறிக்குப் பிறகு 2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது. எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. 2020 செப்டம்பர் 25 முதல் புது ஆணையம் இயங்குகிறது.

அந்தச் சட்டப்படி ஆணையத்தில் 33 பேர். சட்டம், நிர்வாகம், மருத்துவ அறம், நுகர்வோர் மற்றும் நோயாளி உரிமை, பொருளாதாரம் முதலான துறைகளிலிருந்து வருகிறவர்களுக்கு எல்லாம் சேர்த்து எத்தனை இடம் தெரியுமா? மூன்று. நோயாளிக்கென்று தனியாக ஒரு நாற்காலிகூட இல்லை. மூன்று இடத்துக்கு அடித்துக்கொள்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். முன்பு டாக்டர்களின் சட்டைப்பையில் இருந்தது, இப்போது மத்திய அரசின் சட்டைப்பைக்குப் போயிருக்கிறது. நோயாளியின் சட்டையில் பையே தைக்கவில்லை.

மறுதகுதி விஷயத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? 2002-ன் நடத்தை விதிகள், ஒரு மருத்துவர் ஐந்தாண்டில் 30 மணி நேரமாவது தொடர் கல்விக் கூட்டங்களில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. வருஷத்துக்கு ஆறு மணி நேரம். தேர்வு கிடையாது. ராண்ட் பால் சண்டை போட்டது ஒரு தேர்வுக்காக. நமக்குச் சண்டை போடக்கூடத் தேர்வு இல்லை!

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். சங்கம் வேறு, வாரியம் வேறு. சங்கம் என்பது மருத்துவர்களின் நலனுக்காக மருத்துவர்கள் வைத்துக்கொள்வது. அதில் அவர்களே நிற்கட்டும், அவர்களே ஓட்டுப் போடட்டும், மாலை போடட்டும். நமக்கு அதில் வேலை இல்லை. ஆனால் சான்று கொடுப்பது, தண்டிப்பது, விலக்கு அளிப்பது என்று வந்துவிட்டால் அது பொதுமக்கள் சொத்து. சங்கத்துத் தேர்தலில் ஜெயிக்கிற அதே ஆள், அதே கோஷத்தோடு, வாரியத்துக்கும் போய் உட்காரும்போதுதான் வேலி பயிரை மேய ஆரம்பிக்கிறது.

"மருத்துவம் தெரியாதவன் மருத்துவரை எப்படி மதிப்பிடுவான்?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். கண்புரைக்கு எந்த லென்ஸ் வைப்பது என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. வினாத்தாளை மருத்துவர்களே தயாரிக்கட்டும். அந்தத் தேர்விலிருந்து யாருக்கு விலக்கு என்று முடிவு செய்ய எம்.எஸ். பட்டம் எதற்கு? பங்குதாரர்களில் எத்தனை பேருக்குக் கணக்கியல் தெரியும்? ஆனாலும் தணிக்கையாளரை நியமிப்பது பங்குதாரர்களின் பொதுக்கூட்டம்தான். பணம் அவர்களுடையது என்பதால். இங்கே கண் நம்முடையது.

இது மருத்துவர்களை மட்டும் குறிவைத்துச் சொல்வது அல்ல. நாளை நாங்கள் போகப்போகிற சி.ஏ. தொழிலுக்கும் இதே வைத்தியம்தான் நடந்திருக்கிறது. தணிக்கையாளர்களைத் தணிக்கையாளர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பல காலம் விட்டு வைத்தார்கள். 2009-ல் சத்யம் வெடித்தது. 2018-ல் என்எஃப்ஆர்ஏ என்ற தனி அமைப்பு வந்தது. 2022-ல் நிறைவேறிய திருத்தச் சட்டம், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குத் தலைமை வகிப்பவர் சி.ஏ. அல்லாதவராக இருக்க வேண்டும் என்கிறது. கணக்குப் புத்தகத்துக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு கண்ணுக்குக் கிடைக்கக் கூடாதா?

ஆகவே, எந்த ஊரிலும், எந்த வாரியத்திலும் இடம் கேட்டு வருகிற எந்தக் கண் மருத்துவரிடமும் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று: நீங்கள் போடப்போகும் விதி முதலில் உங்கள் மீது பாயுமா? அல்லது உங்களுக்கு அடுத்த வரிசையிலிருந்துதான் ஆரம்பமா?

இரண்டு: உங்கள் குடும்பம், மருத்துவமனை, உங்களுக்குப் பணம் தருகிற மருந்து, லென்ஸ் கம்பெனிகள், இவற்றின் பட்டியலை ஊரறிய வைப்பீர்களா? அமெரிக்காவில் 2010-ல் சட்டம் போட்டு, 2014 முதல் கம்பெனிகள் எந்த மருத்துவருக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுகிறார்கள். வானம் இடிந்து விழவில்லை.

மூன்று: உங்கள் மேசையில் மருத்துவர் அல்லாதவருக்கு எத்தனை நாற்காலி? பேருக்கு ஒன்று என்றால் வேண்டாம், அது போட்டோ எடுக்கத்தான் உதவும். பாதிக்குப் பாதி வேண்டும்.

மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் அவர் தாராளமாகப் போய் உட்காரட்டும். இல்லையென்றால், பேசாமல் வீட்டிலேயே ஒரு வாரியம் ஆரம்பித்துக்கொள்ளட்டும். துணைத்தலைவருக்கும் செயலாளருக்கும் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.